மரபணுவில் மரபு எங்கே? - ஒரு மீன், ஒரு நோய், ஒரு சொல்

2013இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஸ்காட் பாரபன், மாத்யூ டிண்டே, கேப்ரியலா ஹார்டோபன் ஆகிய மூவர் எழுதிய ஒரு கட்டுரை வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த ஆய்வு. வலிப்பு வரும்படியான மரபணுக் கோளாறு கொண்ட மீன்குஞ்சுகளை வளர்த்து, 320 மருந்துப் பொருள்களை ஒவ்வொன்றாக அவை நீந்தும் தண்ணீரில் கலந்து பார்த்ததில், கிளெமிசோல் என்ற பழைய ஒவ்வாமை மருந்து அவற்றின் வலிப்பை அடக்கியது என்பது அதன் சாரம். இதை ஒரு விஞ்ஞானி படிப்பதுபோல் நான் படிக்க முடியாது. தமிழ் எம்.ஏ. படித்த ஒருவன் ஒரு பிரதியை எப்படிப் படிப்பானோ அப்படித்தான் படித்தேன்: எது எதற்குக் குறியாக நிற்கிறது, யாருடைய இடத்தில் யார் நிறுத்தப்படுகிறார்கள், எது சொல்லாமல் விடப்படுகிறது. இலக்கியப் பத்திரிகையில் மீனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 'மரபணு' என்ற சொல்லை ராயப்பேட்டையின் ஒரு சந்துக்குள் கொண்டுபோய் விட்டால் அது என்னவாக மாறுகிறது என்பதுதான் என் அக்கறை. அதற்கு மீன் வழியாகப் போவதே நேர்வழி என்று படுகிறது.

வரிக்குதிரை மீன் என்று நாம் மொழிபெயர்த்துச் சொல்வதைக் கடைக்காரர்கள் 'ஜீப்ரா' என்றே சொல்கிறார்கள். ஒன்றரை அங்குலம் இருக்கும், உடம்பில் நீளவாக்கில் நீலக்கோடு. வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துத்தான் பலரும் வாங்கிப் போகிறார்கள். உண்மையில் இது கங்கைச் சமவெளிக்காரன். பிரான்சிஸ் புக்கனன் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் கோசி ஆற்று மீனாகப் பதிவாகிறது. திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கனரா, மலபார் என்று ஊர் ஊராக மண்ணையும் பயிரையும் சாதியையும் கணக்கெடுத்துப் போன அதே புக்கனன்தான். 'டேனியோ' என்ற அறிவியல் பெயரின் வேர் நெல்வயலைக் குறிக்கும் ஒரு வங்காளச் சொல் என்கிறார்கள். நம்முடைய 'தானிய'த்துக்குப் பக்கத்துவீட்டுச் சொல். காலனியக் கணக்கேட்டிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து அமெரிக்க வளர்ப்புப் பிராணிக் கடைக்கு, கடையிலிருந்து ஆரெகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கரின் ஆய்வகத்துக்கு. 1981இல் அவர் இந்த மீனைப் படியெடுத்துக் காட்டிய பிறகு இது ஆய்வுப் பிராணியாகிவிட்டது. 2013இல் இதன் முழு மரபுத்தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை உண்டு என்று சொல்லப்பட்டது. இந்திய ஆற்றில் பிடித்த மீனின் மரபுத்தொகுதியை தில்லியிலுள்ள ஐ.ஜி.ஐ.பி. ஆய்வு நிறுவனம் 2009இலேயே வாசித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் இந்த மீன்? முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. குஞ்சின் உடம்பு கண்ணாடிபோல் இருப்பதால் மூளையை அறுக்காமலே பார்க்கலாம். 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் குழிக்கு ஒரு குஞ்சாக விட்டு மேலே காமிராவைப் பொருத்திவிட்டால், நூறு நோயாளிகளை ஒரே நேரத்தில் 'கவனிக்க' முடிகிறது. (ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதிப்படி, தானாக இரை தேடத் தொடங்கும்வரை, அதாவது ஏறக்குறைய ஐந்து நாள்வரை, மீன்குஞ்சு பரிசோதனைப் பிராணி என்ற கணக்கிலேயே வராது. எது உயிர், எது எப்போதிலிருந்து உயிர் என்பதை நிர்ணயிக்கிற அதிகாரம் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.)

மீனுக்கு வலிப்பு வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? பாரபன் குழு 2005இலேயே இதற்கு ஒரு வாசிப்பு முறையை ஏற்படுத்தியது. வலிப்பைத் தூண்டும் ரசாயனத்தைத் தண்ணீரில் கலந்தால் குஞ்சு முதலில் படபடவென்று நீந்துகிறது. பிறகு சுழலில் சிக்கியதுபோல் வட்டமடிக்கிறது. மூன்றாவதாக உடம்பு வெட்டி இழுத்து, நிலைகுலைந்து, பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிறது. மூன்று நிலைகள், மூன்று குறிகள். மூளையில் மின்முனை வைத்து அலைகளையும் பதிவு செய்கிறார்கள். கால் இல்லை, கை இல்லை. ஆனாலும் அந்த அலைகளைப் பார்த்தால் மனித வலிப்பின் அலை நினைவுக்கு வருகிறதாம். தமிழில் 'காக்காய் வலிப்பு' என்பதே 'கால் கை வலிப்பு' மருவி வந்தது என்று பலரும் சொல்வார்கள். அந்த விளக்கத்தின்படி பார்த்தால் நாம் நோய்க்கு வெளியில் தெரிகிற உறுப்பை வைத்துப் பேர் வைத்திருக்கிறோம். கை காலே இல்லாத உயிரிடம் போனபோதுதான் நோய் மூளையில் இருப்பது வெளிச்சமாகிறது.

இனி அந்த மரபணு. எஸ்.சி.என்.1.ஏ. என்று பெயர். நரம்பணுவின் சுவரில் சோடியம் உப்பு நுழைந்து செல்ல வழிவிடும் ஒரு வாயிலைச் செய்வதற்கான குறிப்பு இதில் இருக்கிறது. மனிதருக்கு இது இரண்டு பிரதிகள், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டால் வாயில்கள் பாதியாகக் குறைகின்றன. மற்ற அணுக்களை அடக்கிவைக்கும் வேலையைச் செய்யும் நரம்பணுக்கள்தான் இதில் முதலில் அடிபடுகின்றன. பிரேக் தேய்ந்த வண்டி மாதிரி மூளை ஓட ஆரம்பிக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் சார்லட் ட்ராவே 1978இல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்கும் நோய் இது. முதல் வயதுக்குள் காய்ச்சலோடு வலிப்பு வரும். சுடுதண்ணீரில் குளிப்பாட்டினால்கூட வரும். நேரம் கணக்கில்லாமல் நீளும். பிறகு பேச்சும் நடையும் பின்தங்கும். இந்த நோய்க்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 2001இல் தெரிய வந்தது.

இங்கேதான் பிரதியில் ஒரு கண்ணி அவிழ்கிறது. மீனின் முன்னோர் வரலாற்றில் மரபுத்தொகுதி ஒருமுறை இரட்டித்ததால் இந்த மரபணுவுக்கு மீனிடம் இன்னொரு ஜோடியும் உண்டு. ஆகவே ஒரு பிரதி கெட்டால் மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை. வலிப்பு வர வேண்டுமானால் இரண்டு பிரதியும் கெட வேண்டும். அதற்கு ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? ஒரு கெட்ட பிரதியைச் சுமக்கும், பார்வைக்கு ஆரோக்கியமான ஆணையும் பெண்ணையும் தேர்ந்து ஜோடி சேர்க்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வம்சத் தொட்டியின் பிள்ளைகள். நாலில் ஒரு குஞ்சு நோயோடு பிறக்கிறது. மற்றவற்றைவிடக் கறுத்திருக்கும், அதை வைத்தே பொறுக்கி எடுத்துவிடலாம். இரண்டு வாரம் தாண்டாது.

மனிதக் குழந்தையிடம் நடப்பது இதற்கு நேர்மாறு. ட்ராவே நோயில் எஸ்.சி.என்.1.ஏ. கெட்டிருக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் கோளாறு அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. கருவாகும் தறுவாயில் புதிதாக விழுந்த எழுத்துப்பிழை. மூலப்படி சரி, அச்சுக்கோர்க்கும்போது நேர்ந்த பிழை. ஆக, மாதிரியாக நிறுத்தப்பட்ட மீனின் நோய் திட்டமிட்டு உண்டாக்கிய பரம்பரை நோய். அது யாருக்காக நிற்கிறதோ அந்தக் குழந்தையின் நோய்க்குப் பரம்பரையே கிடையாது. இரண்டையும் ஒரே சொல்லால், 'மரபணு நோய்' என்று நாம் எழுதுகிறோம்.

1909இல் டேனிஷ் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் 'ஜீன்' என்ற சொல்லை ஆக்கியபோது, எந்த முன்முடிவும் ஒட்டாத வெறும் சொல்லாக அது இருக்க வேண்டும் என்று விரும்பினார். தமிழில் நாம் அதை வெறுமையாக விடவில்லை. 'மரபு' என்பதைத் தூக்கி முன்னால் வைத்தோம். துறைக்கே 'மரபியல்' என்று பேர். தமிழ் படித்தவர்களுக்கு மரபியல் என்றால் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயல். எந்த உயிரின் இளமைக்கு என்ன பெயர், எதைக் கன்று என்பது, எதைக் குட்டி என்பது என்று தொடங்குகிற இயல். அங்கே மரபு என்பது முதன்மையாகச் சொல்வழக்கு, முன்னோர் எப்படிச் சொன்னார்களோ அப்படி. அதே இயலில்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்ற நால்வகையும் வருகிறது (இடைச்செருகல் என்று வாதிடுவோர் உண்டு, இருக்கட்டும்). உயிர்களுக்குப் பெயரிடும் ஒழுங்கும் மனிதரைப் பிறப்பால் அடுக்கும் ஒழுங்கும் ஒரே தலைப்பின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்தச் சொல்லைத்தான் ஒரு மூலக்கூறின் தலையில் ஏற்றியிருக்கிறோம். தற்காலத் தமிழுக்கென்று க்ரியாவின் அகராதி 1992இல் ராயப்பேட்டையிலிருந்துதான் வந்தது. 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்ற மருத்துவக் கையேட்டைத் தமிழாக்கியதும் அதே க்ரியா. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சொன்ன பிறகு அந்தச் சொல் எந்த வீட்டுக்குள் நுழைந்து யாரைக் குற்றவாளியாக்குகிறது என்பதையும் மொழிக்காரர்கள் பின்தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஜாம்பஜார் பக்கம் எங்கள் சந்தில் ஒரு வீடு. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, வலிப்பு. ரத்தம் அனுப்பிப் பரிசோதித்து அறிக்கை வந்தது. அந்த அறிக்கையிலிருந்து ஒரே ஒரு சொல்தான் தமிழில் வீட்டுக்கு வந்தது - 'மரபணு'. அது மூன்று வீடு தாண்டுவதற்குள் 'பரம்பரை வியாதி' ஆயிற்று. அப்புறம் மாமியார் கேட்டதைத் தெருவே கேட்டது: "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லம்மா. உங்க ஆத்தா வூட்டுல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேட்டுப் பாரு." அந்தப் பெண்ணின் தங்கைக்கு வந்த வரன் ஒன்று சத்தமில்லாமல் நின்றது. அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்தேன். 'டி நோவோ' என்று தெளிவாக இருந்தது, புதிதாக நேர்ந்தது என்று. அந்த இரண்டு சொல்லைத் தமிழில் எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. ட்ராவே நோயில் இப்படிப் புதிதாக நேரும் பிழைகளில் பெரும்பான்மை தகப்பன் வழி விந்தணுவில் நேர்பவை என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதைச் சொல்லி அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. விந்தணு வாழ்நாள் முழுக்கப் படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் பிழைகளும் அங்கே கூடுதல். ஆனால் 'உங்க ஆத்தா வூட்டுல' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்ன இருக்கிறது?

இது ஒரு சந்துக் கதை மட்டுமல்ல. நோயைப் பிறப்போடு கட்டிவைத்ததில் நம் சட்டத்துக்கும் பங்குண்டு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் வந்தது: மீண்டும் மீண்டும் பைத்தியமோ வலிப்போ வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியில்லை. வலிப்பைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். 'வலிப்பு' என்ற சொல் அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது 1999இல். இருபத்துமூன்று வருஷம். இந்த இருபத்துமூன்று வருஷத்தில் எத்தனை பெண்கள் மாத்திரையைக் கடுகு டப்பாவிலும் பவுடர் டப்பாவிலும் ஒளித்து வைத்து முழுங்கியிருப்பார்கள், வெளியூர் போன நாளில் முழுங்க முடியாமல் விழுந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு எழுதியவர் இல்லை. சட்டத்திலிருந்து சொல் போய்விட்டது. பெண் பார்க்கும் கூடத்திலிருந்து போகவில்லை.

இன்னும் பின்னால் போனால் முயலகன். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிற்பவர்கள் தூக்கிய காலைத்தான் பார்க்கிறார்கள். ஊன்றிய காலின் கீழ் குப்புறக் கிடக்கும் குள்ளனை யாரும் பார்ப்பதில்லை. வடமொழியில் அவன் பேர் அபஸ்மாரன், அதாவது வலிப்பு. தமிழிலும் முயலகன் என்பது பூதத்துக்கும் நோய்க்கும் ஒரே பெயர். கொல்லிமழவனின் மகளுக்கு வந்த முயலகனை ஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் கோயில் நடராசரின் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது என்பார்கள். ஆன்மிகவாதிகள் அதை அறியாமை என்று தத்துவார்த்தமாக்கிவிட்டார்கள். நோயாளியின் பக்கத்திலிருந்து அந்தப் படிமத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: குணமாக்கப்படாமல், கொல்லப்படாமல், நிரந்தரமாக மிதித்துவைக்கப்பட்ட ஒருவன். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் நேரம் பார்ப்பதே போதும். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி. இரும்புக்கு இதில் வேலையே இல்லை.

ஃபூக்கோ படித்த நண்பர்கள் இந்த இடத்தில் என்னை மறிப்பார்கள் என்று தெரியும். மரபணுவே ஒரு அதிகாரச் சொல்லாடல், உடலை வகைப்படுத்திக் கண்காணிக்கும் தொழில்நுட்பம், அதற்குப் போய் வக்காலத்து வாங்குகிறாயே என்பார்கள். வகைப்படுத்தல் அதிகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயத்தை யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். எப்டாயின் என்று கடையில் வாங்கும் பினிடாயினும் கார்பமசெபினும் நம் ஊரில் வலிப்புக்கு மிகப் பரவலாகத் தரப்படும் மாத்திரைகள். இரண்டும் சோடியம் வாயிலை அடைத்து வேலை செய்பவை. வாயிலே பாதிதான் இருக்கும் ட்ராவே குழந்தைக்குத் தொடர்ந்து கொடுத்தால் வலிப்பு குறைவதற்குப் பதில் கூடிவிடக்கூடும். எந்த மரபணு என்று தெரிவதால் கைக்கு வரும் மாத்திரை மாறுகிறது. சொல்லாடல் விமர்சனத்தில் இதற்கு இடமில்லை என்றால் அந்த விமர்சனம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பேன், கோபப்பட வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மரபணு மரபணு என்று இவ்வளவு பேசும்போது எது மறைகிறது? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜசேகர் முதலானோர் வேலூர்ப் பகுதியில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டி. பன்றி நாடாப்புழு என்று பேர் இருப்பதால் உடனே 'பன்னிக்கறி தின்கிறவர்கள்' என்று ஒரு சாதியைச் சுட்டும் விரல் நீளுகிறது. விஷயம் அப்படியில்லை. கறி தின்றால் வருவது குடலில் புழு. மூளையில் கட்டி வருவதற்குக் காரணம் அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவது. அது மனித மலத்தால் கெட்ட தண்ணீர், கழுவாத கை, பச்சைக் காய்கறி வழியாகச் சுத்த சைவரின் வயிற்றுக்கும் போகும். இதற்கு மீன் வேண்டாம், மரபுத்தொகுதி வேண்டாம். கக்கூஸ் வேண்டும், கழிவுநீர்க் குழாய் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் கேள்வியை வேலூர் தன்னுடைய முதல் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

அதே நேரத்தில், மரபு என்பது உண்மையிலேயே நோயைக் கொண்டுவரும் இடமும் உண்டு. மீன் தொட்டியில் நடப்பதுபோல் இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் வலிப்பு நோய்கள் இருக்கின்றன. பதின்வயதில் தொடங்கி ஆளையே அழிக்கும் லஃபோரா நோய் அதில் ஒன்று. கான்பூர் ஐ.ஐ.டி.யில் எஸ். கணேஷ் குழுவினர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். ஒரே கெட்ட பிரதியைச் சுமக்கும் இருவர் சேரும் வாய்ப்பைக் கூட்டுவது எது? தாய்மாமனுக்குக் கட்டுவது, அத்தை பிள்ளைக்குக் கட்டுவது, சொந்தத்துக்கு அப்பால் போனாலும் உட்சாதிக்கு அப்பால் போகாமல் இருப்பது. தொட்டியில் ஆராய்ச்சியாளன் வேண்டுமென்றே செய்கிற ஜோடிசேர்ப்பை நாம் பெருமையோடு, பத்திரிகை அடித்து, மேளம் வைத்துச் செய்கிறோம். வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்களில் 'எந்த வம்சம்' என்ற கேள்விக்கு 'ரெண்டு வம்சமும்தான்' என்பதே விடை. அதை மட்டும் எந்த மாமியாரும் கேட்பதில்லை.

எல்லாம் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்துவிடுவதுமில்லை. தென்னிந்தியாவுக்கே உரியது என்று சொல்லுமளவுக்கு இங்கே அதிகமாகப் பதிவான ஒரு வலிப்பு உண்டு. தலையில் சுடுதண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றிக் குளிக்கும்போது வருவது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் சதீஷ்சந்திராவும் சகாக்களும் 1988இல் 279 பேரை வைத்து இதை எழுதினார்கள். சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதால் மரபணுவையும் தேடுகிறார்கள். ஆனால் குளிக்கிற பழக்கம் இல்லையென்றால் அந்த மரபணு வாயே திறந்திருக்காது. 2012இல் பாரபனின் ஆய்வகத்திலும் மீன்குஞ்சுகளின் தண்ணீரைச் சூடாக்கி வலிப்பு வரவைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் வலிப்புக்கு மாதிரி என்று சொன்னார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் அது மாதிரியாகுமா என்று யோசிக்க அங்கே ஆள் இல்லை. பெங்களூரில் என்.சி.பி.எஸ். போன்ற இடங்களில் இதே மீனை வைத்து மூளையை ஆராய்கிற நம்மவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் யோசிக்கலாம்.

கிளெமிசோலின் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அதன் வழியே போய், செரடோனின் பாதையில் வேலை செய்யும் லார்காசெரின் என்ற உடல் இளைப்பு மருந்தை மீனில் சோதித்து, சில ட்ராவே குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை 2017இல் எழுதினார்கள். 2020இல் புற்றுநோய் அச்சத்தால் அந்த மருந்தே அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதே ஆண்டு அதே பாதையைச் சேர்ந்த ஃபென்ஃபுளூரமின் அங்கே ட்ராவே நோய்க்கு அனுமதி பெற்றது. அதுவும் ஒரு காலத்தில் இதயத்தைக் கெடுக்கிறது என்று துரத்தப்பட்ட இளைப்பு மருந்துதான். மீன் வழியாக மருந்து வருகிறது, வராமலும் போகிறது. ஜாம்பஜார் சந்துக்கு வந்துசேர இன்னும் நாளாகும். 'டி நோவோ' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வருவதற்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை. 'புதுப்பிழை' என்று ஒரு நண்பர் சொன்னார். 'பிழை' என்றாலே இங்கே யார் செய்த பிழை என்று கேட்பார்கள், ஆகவே எனக்கு அது பிடிக்கவில்லை. சந்துக்காரர்களிடம் பேசும்போது நான் 'தானா நேர்ந்தது' என்று சொல்லிப் பார்க்கிறேன். "தானான்னா? யாரும் செய்யலியா?" என்று கேட்டாள் அந்தக் குழந்தையின் பாட்டி. யாரும் செய்யவில்லை என்றேன். அவளுக்கு அது திருப்தியாக இல்லை. ஆனால் மருமகளின் அம்மா வீட்டைப் பற்றிய கேள்வி அன்றைக்கு வரவில்லை.